கல்லூரி வளாகத்தில் பாலியல் வன்முறை: சேரும் நாளிலிருந்து புகார் முடியும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டு வகுப்புக்குள் நுழைந்ததும் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "இந்தக் காலேஜ்ல உங்களுக்கு ஏதாவது தப்பா நடந்தா யார்கிட்ட போய்ச் சொல்வீங்க?" வார்டன் என்பார்கள், ஹெச்.ஓ.டி. என்பார்கள். கொஞ்சம் அமைதிக்குப் பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம்." அதற்குத்தான் நிறையத் தலைகள் ஆடும். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கக் கல்லூரிக்குள்ளேயே இருக்க வேண்டிய உள்ளகப் புகார் குழுவைச் சொன்ன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குழுவில் நானே சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நிலைமை இதுதான்.

அந்தப் பின் வரிசைக் குரலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூடவே அவளுடைய ரூம்மேட்டுக்கும், வகுப்புத் தோழனுக்கும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும். ஏனென்றால் ஒரு பெண் நடந்ததை முதன்முதலில் யாரிடம் சொல்கிறாளோ, அவர் அந்தப் பத்து நிமிடத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்தே பிறகு வரும் எல்லாம் அமைகிறது. சட்டமும் மருத்துவமனையும் காவல் நிலையமும் அதற்கு அப்புறம்தான்.

எங்கிருந்து ஆபத்து வருகிறது

"இருட்டினப்புறம் வெளியே போகாதே, தனியா நடக்காதே" என்று சொல்லித்தான் பெண்களை வளர்க்கிறோம். ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். கல்லூரியில் தெரிந்தவர் என்றால் யார்? சீனியர், வகுப்புத் தோழன், காதலன், லேப் உதவியாளர், இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர், ஆய்வு கைடு. இவர்களில் யாரும் புதருக்குள்ளிருந்து பாய்வதில்லை. முதலில் ஒரு மெசேஜ், அப்புறம் ஒரு சலுகை, அப்புறம் ஒரு தொடுதல் என்று நாள் கணக்கில் நகர்ந்து வருவார்கள்.

அதற்காக வெளியாள் ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே நுழைந்த ஒருவன், நண்பருடன் பேசிக்கொண்டிருந்த மாணவியை மிரட்டி வன்கொடுமை செய்தான். வீடியோ இருக்கிறது, வெளியே சொன்னால் பரப்பிவிடுவேன் என்றும் பயமுறுத்தினான். அவள் பயப்படாமல் புகார் கொடுத்தாள். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சம்பவத்திலிருந்து தீர்ப்பு வரை ஆறு மாதம்கூட ஆகவில்லை. "அந்த நேரத்துல அங்க என்ன வேலை?" என்று அப்போது கேட்டவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அது அவள் படிக்கும் இடம்.

சேர்ந்த முதல் வாரத்தில்

முதலில் உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார் குழு எது, அதில் யார் யார் என்று கண்டுபிடியுங்கள். பேச்சுவழக்கில் ஐ.சி.சி. என்பார்கள், பழைய ஆட்கள் விசாகா கமிட்டி என்பார்கள். 1997-ல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பிலிருந்து வந்த பெயர் அது. அந்தத் தீர்ப்பு 2013-ல் சட்டமானது. கல்லூரிகளுக்கென்று யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தனியாக 2015 ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. கலை அறிவியல், பொறியியல், அரசு, தனியார், சுயநிதி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா உயர்கல்வி நிறுவனத்திலும் குழு இருந்தே ஆக வேண்டும். அமைக்காத நிறுவனத்துக்கு 2013 சட்டப்படி 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பெயருக்கு ஒரு குழு இருப்பது போதாது. தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒரு தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இதில் இருக்கக் கூடாது. இந்த விதியை மீறிய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். புகாருக்கு ஆளான துறைத்தலைவரே உறுப்பினர் பட்டியலில் இருந்த கொடுமையும் உண்டு.

பட்டியல் நோட்டீஸ் போர்டிலும் கல்லூரி இணையதளத்திலும் இருக்க வேண்டும். இல்லையா? நாலைந்து பேராகச் சேர்ந்து முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். யாருக்கும் எதுவும் நடக்காத அமைதியான நாளில் இதைக் கேட்பது சுலபம். நடந்த பிறகு கேட்டால் கேட்டவள் யார் என்று தேடுவார்கள்.

போனில் சில எண்களைப் பதிந்து வையுங்கள். அவசரத்துக்கு 112. பெண்கள் உதவி எண் 181. இணையக் குற்றங்களுக்கு 1930. ராகிங் என்றால் 1800-180-5522. 18 வயது ஆகாதவர்களுக்கு 1098. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் இறக்கி, வீட்டார் எண்ணைச் சேர்த்து ஒருமுறை பழகிவிடுங்கள். பதற்றத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இதில் 1098 கல்லூரிக்கு எதற்கு என்று தோன்றலாம். பிளஸ் டூ முடித்து வரும் பல பிள்ளைகளுக்கு 17 வயதுதான். 18 முடியும் வரை அவர்களுக்குப் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், பொருந்தும். அப்படி ஒரு குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது ஆசிரியர், வார்டன் எல்லோருக்கும் சட்டக் கடமை. "நாங்க உள்ளேயே பேசித் தீர்த்துக்கிறோம்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

வளாகத்தை நீங்களே நடந்து பாருங்கள்

சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்துப் பேராகக் கிளம்பி நூலகத்திலிருந்து விடுதி வரை, லேபிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கேமரா வெறும் கூடாகத் தொங்குகிறது, எந்தக் கழிவறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, எந்தச் சுவரில் ஆள் நுழையும் இடைவெளி இருக்கிறது என்று எழுதி, தேதி போட்டு, நிர்வாகத்திடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். போதிய வெளிச்சமும் பயிற்சி பெற்ற பாதுகாவலர்களும் நிறுவனத்தின் பொறுப்பு என்று யு.ஜி.சி. விதியே சொல்கிறது. இதைக் கேட்பது உங்கள் உரிமை.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதிக்கு மட்டும் விதிக்கக் கூடாது. ஆறரைக்குக் கேட்டைப் பூட்டுவதால் யாரும் பாதுகாப்பாகிவிடுவதில்லை என்பது என் அனுபவம். தாமதமாக வந்ததால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்திலேயே நடந்ததை மறைத்த மாணவிகளை எனக்குத் தெரியும்.

சம்மதம் என்றால் என்ன

இதை ஆண் பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்க வேண்டும். சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ தெளிவாக, தானாக முன்வந்து தெரிவிப்பது என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு சொல்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அவள் பேசாமல் இருந்தாள், போன வாரம் சரி என்றாள், ரூமுக்கு வந்தாள், குடித்திருந்தாள் என்பது எதுவும் சம்மதம் ஆகாது. பின்தொடர்வது, மறுத்த பிறகும் மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புவது 78-வது பிரிவில் குற்றம். தெரியாமல் படம் எடுப்பது 77-ல் குற்றம். "சும்மா விளையாட்டுக்கு" என்று சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

ஆசிரியரிடமிருந்து வரும் தொல்லை வேறு மாதிரி. வைவாவுக்கு முன்னால் தனியாக வரச் சொல்வது, இரவு பதினொன்றுக்கு ப்ராஜெக்ட் பற்றிப் பேச அழைப்பது, மறுத்தால் இன்டர்னலில் கை வைப்பது. ஒருவருக்கு நடந்தால் பெரும்பாலும் முந்தைய பேட்ச்சிலும் யாருக்கோ நடந்திருக்கும். சீனியர் அக்காக்களிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 2018-ல் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்துப் பேசிய விஷயம் எப்படி வெளியே வந்தது? அவர் பேசிய தொலைபேசி உரையாடலின் பதிவு இருந்ததால்தான். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பேச்சு தடம் மாறுகிறது என்று தெரிந்த உடனே பதிவு செய்யத் தொடங்குங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்

யாரோ ஒரு பெண் சங்கடப்படுவதைப் பார்க்கிறீர்கள். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "அக்கா, உங்கள மேடம் கூப்பிடுறாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அவளை அங்கிருந்து நகர்த்திவிடலாம். கல்ச்சுரல்ஸ் முடிந்து, ஐ.வி. என்று தொழிற்சாலை பார்க்கப் போன பேருந்தில், பார்ட்டியில், நிதானமில்லாமல் இருக்கும் தோழியை யாரோ "நான் கொண்டுபோய் விடுறேன்" என்று அழைத்தால், "வேணாம், நாங்க சேர்ந்தே போறோம்" என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் ஒருத்தியின் படம் வந்தால் யாருக்கும் அனுப்பாமல், யார் போட்டது என்று தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவளிடம் தகவல் சொல்லுங்கள். உங்கள் நண்பன்தான் போட்டான் என்றால் அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். இதை ஆண்கள் சொன்னால்தான் ஆண்கள் கேட்கிறார்கள், இது என் பல வருட வருத்தம்.

உங்களிடம் வந்து சொன்னால்

இந்தப் பகுதியை மட்டுமாவது யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஒரு மாணவி என்னிடம் வந்து அழுதுகொண்டே சொன்னபோது நான் முதலில் கேட்டது, "ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" அக்கறையோடுதான் கேட்டேன். அவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். திரும்பப் பேசவைக்க மூன்று வாரம் ஆனது. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாரிடமும் நான் கேட்டதில்லை.

அப்புறம் வேறொருத்தி ரூம்மேட்டோடு வந்தாள். அந்த ரூம்மேட்டுக்கு 18 வயதுதான் இருக்கும். சம்பவம் நடந்த அன்று இரவே இவள் சொன்னதை, ஒரு வார்த்தை மாற்றாமல், நாள், நேரம், இடத்தோடு ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். "மறந்துடுவாளோன்னு எழுதினேன் மேடம்" என்றாள். விசாரணையில் எதிர்த்தரப்பு தேதியைக் குழப்பப் பார்த்தபோது அந்த ஒரு பக்கம்தான் கைகொடுத்தது.

ஆகவே உங்களிடம் யாராவது சொன்னால், முதலில் "நான் நம்புறேன், இது உன் தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். அப்புறம் "இப்ப பாதுகாப்பா இருக்கியா, உடம்புல அடி பட்டிருக்கா?" என்று கேளுங்கள். என்ன உடை போட்டிருந்தாய், ஏன் கத்தவில்லை, ஏன் அங்கே போனாய் என்பவை வேண்டாம். பயத்தில் உடல் உறைந்துபோவது இயல்பு, கத்த நினைத்தாலும் குரல் வராது. அவள் கேட்காமல் அவள் வீட்டுக்குப் போன் போடாதீர்கள், நண்பர் குழுவில் சொல்லாதீர்கள், அந்தப் பையனை அடிக்க ஆள் திரட்டாதீர்கள். அடிதடி நடந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும், அவள் விஷயம் பின்னால் போய்விடும். அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகளைச் சொல்லுங்கள், எது வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். எங்கே போவதாக இருந்தாலும் கூடப் போங்கள்.

முதல் 72 மணி நேரம்

வல்லுறவு நடந்திருந்தால் மருத்துவமனைதான் முதல் இடம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் இருக்கும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையையும் சீக்கிரம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் அது கிடைப்பதில்லை, ஆகவே மருத்துவரிடம் நேராகக் கேட்டு வாங்குங்கள்.

அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடி சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு சொல்கிறது. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும். ஆனால் உடல் பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையை யாரும் செய்யக் கூடாது, உச்ச நீதிமன்றம் 2022-ல் அதைக் கடுமையாகத் தடுத்துவிட்டது.

முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டால் அந்த உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும். உடலில் இருக்கும் தடயங்களைச் சுமார் 96 மணி நேரம் வரை சேகரிக்க முடியும். குளித்துவிட்டோமே, எல்லாம் போச்சே என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் கடந்தாலும் போகலாம், பேச்சும் மெசேஜும் சாட்சியும் ஆதாரம்தான்.

குழுவிடம் புகார்

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். உடல்நிலையோ மனநிலையோ இடம் தராவிட்டால் நண்பரோ உறவினரோ அவள் சார்பில் கொடுக்கலாம்.

எளிய தமிழில் எழுதினால் போதும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன செய்தார், என்ன சொன்னார், யார் பார்த்தார்கள், அப்புறம் யாரிடம் சொன்னீர்கள். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அது ஒன்றுமே சொல்லாத வாக்கியம். கூச்சமாக இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பி, கையில் கொடுத்த நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அதன் பிறகு 7 நாளில் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர் 10 நாளில் பதில் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், 10 நாளில் அறிக்கை, அது கிடைத்த 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிறது என்று நீங்கள் எழுதிக் கேட்டால்தான் பல இடங்களில் கோப்பு நகர்கிறது.

இடைக்கால நிவாரணத்தை யாரும் தானாக முன்வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் தாளைத் திருத்தக் கூடாது என்று கேட்கலாம். அவரை உங்களிடமிருந்து விலகி இருக்கச் சொல்லி எச்சரிக்கச் சொல்லலாம். உங்களுக்கு 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். விசாரணையில் அவரோடு நேருக்கு நேர் உட்கார வைக்க வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள்.

"சமாதானமாப் போயிடும்மா, உன் எதிர்காலம் முக்கியம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். நீங்களாகக் கேட்டால் மட்டுமே சமரசம் பேசலாம், அதுவும் பணம் வாங்கிக்கொண்டு முடிக்கக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனாலே பொய்ப் புகார் ஆகிவிடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் இந்தக் குழுவுக்கு வரலாம் என்று யு.ஜி.சி. விதி ஏற்றுக்கொள்கிறது. விடுதியில் சீனியர்கள் ஆடையைக் கழற்றச் சொல்வதும் தொடுவதும் ராகிங் சட்டத்திலும் வரும். பையன்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

காவல் நிலையம்

குழுவுக்குப் போனால் காவல் நிலையம் போகக் கூடாது என்று எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. "இது எங்க லிமிட்ல வராது" என்று அனுப்பிவிடுவது தவறு, எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) எந்த நிலையத்திலும் பதிய வேண்டும். உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எழுத வேண்டும். மனுவைப் பெற்றதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டியது. மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூட வர யாரும் இல்லை என்றால் 181-ஐ அழைத்து உங்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தைக் கேளுங்கள். ஆலோசனை, சட்ட உதவி, தங்க இடம் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைக்கும்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருந்தும், அண்ணா பல்கலைக்கழக வழக்கில் அந்தப் பெண்ணின் விவரங்கள் வெளியே போயின. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் கட்டணமில்லாப் படிப்பும் தர உத்தரவிட்டது, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. பெயரை வெளியிடுபவருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. "யார்னு தெரியுமா?" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்பவர்களும் அனுப்புபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

படத்தை வைத்து மிரட்டினால்

பணம் கொடுக்காதீர்கள், சொன்ன இடத்துக்குப் போகாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் நிற்கவே நிற்காது. மிரட்டல் மெசேஜ், எண், கணக்கின் பெயர் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். 1930-க்குச் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசத் தளம் இருக்கிறது. அது உங்கள் படத்தை வாங்கிக்கொள்ளாமல், உங்கள் போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகையை உருவாக்கி, முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது.

பொள்ளாச்சியில் பல பெண்கள் இப்படித்தான் வீடியோ மிரட்டலில் சிக்கினார்கள். 2019-ல் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்த பிறகுதான் அந்தக் கூட்டமே வெளியே வந்தது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெற்றோருக்கு

பெரும்பாலான மாணவிகள் என்னிடம் சொன்ன பயம் அந்த ஆளைப் பற்றியது அல்ல. "வீட்டுல தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்க மேடம்" என்பதுதான். மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டுக் கிளம்பும் அன்றே, பேருந்து நிலையத்திலேயே, "என்ன நடந்தாலும் படிப்ப நிறுத்த மாட்டோம், முதல்ல எங்ககிட்ட சொல்லு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவளுக்குத் தெரியும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நடந்த பிறகு தூக்கம் வராமல், சாப்பிடாமல், திடீரென்று எரிந்து விழுந்துகொண்டு இருந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும், கட்டணம் கிடையாது. அவள் பேச விரும்பாவிட்டால் அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீங்களே கேட்கலாம்.